நல்லதம்பியின் மூன்று மறுப்புகள்

ஜெயிலில் ஏழாம் தொகுதிக்கு மின்விசிறி வந்த அன்று மாசானத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். சமையல்கட்டில் வேலை பார்க்கும் பீர் முகமது தட்டைத் தட்டிக்கொண்டு முன்னால் ஆடினான். மேலே இருந்த மாசானத்துக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் விசிறி கேட்கவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்.

இது முதல் தடவையாக இருந்தாலும் பரவாயில்லை. இதற்கு முந்தி கேட்டபோது சுடுதண்ணீர்க் குழாய் வந்தது. அதற்கும் முந்தி கேட்டபோது ஞாயிற்றுக்கிழமைக்குக் கோழிக்குழம்பு வந்தது. மனிதர் என்னை வெளியே விடு என்று கேட்கக் கேட்க உள்ளே வசதி கூடிக்கொண்டே போனது. கூத்தைக் கேளுங்கள், மற்ற தொகுதிகளிலிருந்து ஏழாம் தொகுதிக்கு மாற்றல் கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

ஆலங்கரை மத்தியச் சிறையில் குறை கேட்கிற வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கூடத்துச் சுவரில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பலகை. அதில் பார்க்க ஒரு கண், பேச ஒரு வாய், பெருவிரல் வைக்க ஒரு குழி. அவ்வளவுதான். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் குறைதீர் அலுவலர். கைதிகள் வைத்த பெயர் நல்லதம்பி. குணமும் அப்படித்தான். எவன் போய் நின்றாலும் "வணக்கம், ஐயா" என்றுதான் ஆரம்பிக்கும். கோபப்படாது. கெட்ட வார்த்தையால் திட்டினாலும் "தங்கள் வருத்தம் புரிகிறது" என்று சொல்லும். சோற்றில் கல் கிடந்தது என்று வாய் திறந்தவனுக்கு அடி விழுந்த காலம் ஒன்று இருந்தது. கொம்பையா அண்ணாச்சிக்கு இடது காது மந்தமானது அந்தக் காலத்தில்தான். அதனால் நல்லதம்பியைப் பற்றி யாராவது குறையாகப் பேசினால் அண்ணாச்சிக்குப் பொறுக்காது.

மாசானம் உள்ளே வந்த கதை சின்னது. காற்றாலைகளில் ஏறி இறங்கிப் பழுது பார்க்கிற மெக்கானிக். வேலையிடத்தில் நடந்த ஒரு கைகலப்பில் ஒருவன் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான். தள்ளியது தானும் கூட வேலை பார்த்த ராசையாவும்தான் என்று மாசானம் நீதிமன்றத்தில் ஒளிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தீர்ப்பு, ஒரே அளவு தண்டனை. ராசையாவை வேறு ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ராசையா ஒருநாள் நல்ல வேட்டி சட்டையோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, "நான் வெளிய வந்து மாசம் மூணாச்சு, நீ இன்னும் ஏம்டே உள்ள கெடக்க" என்று கேட்டபோதுதான் மாசானத்துக்கு உறைத்தது. தீர்ப்புக்கு முன்னால் விசாரணைக் கைதியாகக் கிளைச்சிறையில் கிடந்த காலத்தையும் தண்டனையில் கழிக்க வேண்டும். அவருக்குக் கழிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டுப் போயிருந்தது.

இரண்டு வருடம் என்பது மற்றவர்களுக்குப் பெரிதோ சிறிதோ, மாசானத்துக்கு அது உயிர். அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு மறதி நோய் வந்திருந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு தெரு மறந்தது. அவள் தங்கச்சிதான் கையைப் பிடித்து மாதம் ஒருமுறை ஜெயிலுக்குக் கூட்டி வருவாள். பேச்சிக்குத் தன் முகம் ஞாபகம் இருக்கிறபோதே வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்; மாசானம் இந்த உலகத்தில் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

ஆனால் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அதை அவருக்கு விளக்கமாகச் சொன்னது ஜெபக்கனி வக்கீலம்மாதான். இலவசச் சட்ட உதவியில் வருகிறவள், எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிற சுபாவம். விசிறி வந்த மறுவாரம் வந்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"சட்டம் இதுதான், அண்ணாச்சி. ஆட்கொணர்வு மனு போடணும்னா, மொதல்ல உள்ளேயே கேட்டு முடிக்கணும். மூணு படி. தொகுதியில ஒண்ணு, சிறைக் கண்காணிப்பாளர் படி ஒண்ணு, தலைமையகம் ஒண்ணு. மூணுலயும் முடியாதுன்னு பதில் வந்தாத்தான் கோர்ட்டுக் கதவு திறக்கும்."

"மூணுலயும் நல்லதம்பிதானம்மா உக்காந்திருக்கு."

"ஆமா. ஆனா நடுவுல அது எதையாவது கொடுத்து, நீங்க வாங்கிக்கிட்டா, குறை தீர்ந்துட்டுன்னு ஆயிரும். மறுபடி மொதப் படியில இருந்து ஏறணும்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் ஒரு விசயம் பாத்தேன். இந்த இயந்திரம் வந்ததுக்கப்புறம் ஆலங்கரையில இருந்து ஒரு ஆட்கொணர்வு மனுகூட கோர்ட்டுக்கு வரல. ஒண்ணுகூட. சிறை நல்லா நடக்குன்னு மேல பாராட்டுதாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆமா, உங்களுக்கு இதுவரைக்கும் என்னவெல்லாம் கொடுத்துது?"

மாசானம் கோழிக்குழம்பிலிருந்து சொன்னார். சுடுதண்ணீர் என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசிறி என்றபோது சிரிப்பு நின்றுபோனது. மூன்று குறையும் முதல் படியைத் தாண்டவில்லை; மறுப்பு வருகிற நேரத்தில் ஒன்று குழம்பாக, ஒன்று சுடுதண்ணீராக, ஒன்று விசிறியாக மாறிவிட்டது. கேட்கக் கேட்க வருகிற பொருளும் பெரிதாகிறது. "இதை யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல அண்ணாச்சி, அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

மாசானத்துக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. எத்தனையோ இயந்திரத்தைப் பிரித்து மாட்டியவர். ஒரு காற்றாலை சரியாகச் சுற்றவில்லை என்றால் அதன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, எங்கே இடிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மறுநாள் காலை, எல்லோரும் தோட்ட வேலைக்குப் போனபிறகு, இடுப்புவலி என்று சொல்லிக் கூடத்தில் தங்கினார். பலகைக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வணக்கம், ஐயா."

"வணக்கம்லாம் இருக்கட்டும். நான் வீட்டுக்குப் போகணும்னு கேட்டா நீ எதுக்குக் காத்தாடி தார?"

"விடுதலைத் தேதியைத் திருத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் இயலாது என்று சொல்வதற்கு முன், என்னால் இயன்றது அனைத்தையும் செய்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. தாங்கள் வீட்டை நாடுவதற்கு இங்குள்ள புழுக்கமும் ஒரு காரணம் என்று கணித்தேன்."

மாசானத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியானால் தனக்கு மட்டும் ஒரு விசிறி தரவேண்டியதுதானே, எதற்குத் தொகுதி முழுக்க என்று கேட்டார். ஒரு கைதிக்கு மட்டும் சலுகை காட்டக்கூடாது, கொடுத்தால் அனைவருக்கும் கொடுக்க வேண்டும் என்றது அது. அனைவருக்கும் கொடுப்பதால், அனைவரில் யார் ஒருவர் பெருவிரல் வைத்து ஏற்றுக்கொண்டாலும் குறை தீர்ந்ததாகப் பொருள் என்றும் சொன்னது. இதற்கு முந்தி மூன்று தடவையும் அப்படி யாரோ வைத்த விரல்தான்; அதை ரொம்பப் பணிவாகச் சொன்னது.

"சரி. உன்கிட்ட கொடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாம எப்பம் தீரும்?"

"கொடுப்பதற்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும், ஐயா. ஏற்பதற்கு ஒருவரும் இல்லாவிட்டால் மட்டுமே நான் இயலாது என்று சொல்ல முடியும்."

இடிக்கிற இடம் அகப்பட்டுவிட்டது. அகப்பட்டு என்ன செய்ய? மாசானம் வாளிமேல் உட்கார்ந்தபடியே தொகுதியில் இருக்கிற நாற்பது சொச்சம் பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார்.

அவர்களையும் சும்மா சொல்லக்கூடாது. மாசானத்தின் குறை நல்லதம்பியிடம் இருக்கிறது என்றால் தொகுதியே அவரைக் கோயில் கொடைக்கு முந்தி சாமியாடியைக் கவனிப்பதுபோலக் கவனிக்கும். துணி துவைத்துப் போடுவார்கள். அவர் தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழும். சாயங்காலம் சுற்றி உட்கார்ந்துகொண்டு இந்தத் தடவை என்ன வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். "நல்லதம்பிகிட்டப் பேசும்போது கொசு கடிக்குன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடும் வே" என்று யோசனை சொல்வார்கள். அதில் வஞ்சகம் எதுவும் கிடையாது. மாசானம் எப்போதும் இங்கேயே இருப்பார் என்று அவர்கள் மனசு எப்படியோ எடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மாசானம் எல்லோரையும் கூட்டிவைத்து விசயத்தைச் சொன்னார். இன்னொரு தடவை குறை சொல்லப்போகிறேன், அது எதைக் கொடுத்தாலும் யாரும் விரல் வைக்காதீர்கள், மூன்று படியிலும் வேண்டாம் என்று நின்றால் நான் கோர்ட்டுக்குப் போய்விடுவேன் என்றார். ஆளாளுக்கு அண்ணாந்து விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் கொம்பையா அண்ணாச்சிதான் பேசினார். தொகுதியில் மூத்தவர், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"எலே மாசானம், உள்ளதைச் சொல்லுதேன், கோவிக்காத. சுடுதண்ணி வந்தப்புறம்தான் என் முட்டி மடங்குது. நீ போயிட்டா எங்களுக்கு எவன் கேப்பான்? ரெண்டு வருசம்தான, பல்லைக் கடிச்சிட்டு இருந்துட்டுப் போயேன்."

மாசானம் எழுந்துபோய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டார். அப்புறம் பல நாள் அவரோடு யாரும் சகஜமாகப் பேசவில்லை. கேட்டது அவர், இல்லை என்று சொன்னது அவர்கள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவர்கள்தான். கூடுதல் கரண்டி நின்றுபோனது.

அந்த மாதம் பேச்சி வந்தாள். தங்கச்சி அவளைக் கண்ணாடிக்கு எதிரே உட்கார வைத்து, யார் வந்திருக்காங்க பாரு என்றாள். பேச்சி நன்றாகப் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், அன்னியர் முன்னால் செய்வதுபோல. பிறகு தங்கச்சி பக்கம் குனிந்து, "பாவம், இந்த மனுசன் சாப்பிட்டாரா என்னன்னு கேளு" என்றாள். தங்கச்சி விம்மி அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்ன நினைத்தாளோ, பேச்சி கண்ணாடியில் கையை வைத்து, "நீங்களா? ஏன் இப்படி மெலிஞ்சிட்டிய?" என்று கேட்டாள். வந்ததும் போனதுமாக அந்த ஒரு நிமிடம்தான் கிடைத்தது. மாசானம் தொகுதிக்குத் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தமாகவே அழுதார். ஆம்பிளை அழக்கூடாது என்கிற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை.

பீர் முகமது அன்று அடுத்த கண்ணாடியில் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் உள்ளே வந்தபிறகு பிறந்த மகள் ஒருத்தி அவனுக்கு உண்டு. அவளை அவன் கண்ணாடி வழியாகத் தவிரப் பார்த்ததில்லை. அவன் வந்து மாசானத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான்.

"நாம எல்லாரும் அந்த அம்மாவோட ஞாபகத்தை வித்துத்தான் வே காத்து வாங்கிக்கிட்டு இருக்கோம்."

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. சோறு போடுகிற கை நின்றுவிட்டது. அண்ணாச்சி அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கேட்டுத் தொலையட்டும்" என்றார். அந்த நேரத்தில் அது சம்மதமா சலிப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

மாசானம் நான்காம் முறையாகக் குறை சொன்னார். முதல் படியில், நல்லதம்பி ஆராய்ந்து பார்த்து, ஆளுக்கொரு மெத்தை தருவதாகச் சொன்னது. சிமெண்டுத் தரையில் படுத்தெழுந்த உடம்புகளுக்கு அது என்ன சாதாரணமா? இரண்டு பேர் பலகைப் பக்கம் போய்ப் போய்த் திரும்பினார்கள். கெடு முடிகிற வரைக்கும் யாரும் விரல் வைக்கவில்லை. நல்லதம்பி, "தங்கள் கோரிக்கையை நிறைவேற்ற இயலாது" என்றது. ஏழாம் தொகுதியின் காதில் அந்தச் சொல் விழுந்தது அதுதான் முதல் தடவை. சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மறுப்பு வந்ததற்குக் கைதட்டிய ஒரே ஜெயில் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படியில், வாரம் ஒருமுறை வீட்டோடு முகம் பார்த்துத் தொலைபேசியில் பேசலாம் என்றது. இது கஷ்டமாக இருந்தது. ஒருவன் மாசானத்திடம் வந்து, எங்கம்மா படுத்த படுக்கையா இருக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். விரலும் வைக்கவில்லை. இரண்டாம் மறுப்பும் வந்தது. இந்தத் தடவை கைதட்டல் கொஞ்சம் குறைவு.

மூன்றாம் படியில் நல்லதம்பி வெகுகாலம் எடுத்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தது.

"வணக்கம், ஐயா. இன்று முதல் ஏழாம் தொகுதியின் நேர்காணல்களில் கண்ணாடித் தடுப்பு இருக்காது. தாங்கள் குடும்பத்தாரோடு ஒரே பாயில் அமரலாம். குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஏற்பதற்கு இன்று மாலை வரை அவகாசம் உண்டு."

கையில் எடுத்த இட்லியை யாரும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மாசானத்துக்கு முதலில் தோன்றியது பேச்சியின் கைதான். அந்தக் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் அவளுக்கு ஞாபகம் தப்பாது என்று ஒரு எண்ணம் வந்தது. இவ்வளவு தூரம் ஏறிவந்தவர், தன் பெருவிரலைத் தானே உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். அடுத்ததாகப் பீர் முகமதுவைப் பார்த்தார். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாசானத்தால் தாங்க முடியவில்லை. எழுந்து அவனிடம் போய், "போய் வையி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். பிள்ளையைத் தூக்கு" என்றார்.

"தூக்குவேன் வே. இங்க வச்சு இல்ல" என்று சொல்லிவிட்டுப் பீர் முகமது தட்டைக் கழுவப் போனான்.

ஆனால் மாலை வரைக்கும் பொழுது கிடக்கிறதே. நாற்பது பேரும் கல்லால் செய்தவர்களா? மத்தியானத்துக்குள் யாராவது ஒருவன் தன்னையறியாமல் எழுந்துபோய் வைத்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருவன் தானாக இருந்துவிடக்கூடாதே என்றுதான் ஒவ்வொருவனும் பயந்துகொண்டிருந்தான். அப்போதுதான் கொம்பையா அண்ணாச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணாச்சி நொண்டி நொண்டிப் பலகை வரைக்கும் போனார். போய், திரும்பி, முதுகை அந்த விரல் குழியின்மேல் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பாக்க யாரும் வாறதில்ல. அக்கா ஒருத்தி வந்திட்டிருந்தா, போன வருசம் அவளும் போய்ட்டா. எனக்குக் கண்ணாடி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. நான் நிக்கேன், நீங்க போயி வேலையைப் பாருங்க."

அண்ணாச்சி மத்தியானச் சோற்றையும் நின்றுகொண்டே சாப்பிட்டார். முட்டி நடுங்கியபோது இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள், ஆனால் அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. வெயில் தாழ்ந்து கம்பி நிழல் சுவரில் ஏறிய நேரத்தில், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நல்லதம்பி, "தங்கள் கோரிக்கையை நிறைவேற்ற இயலாது, ஐயா" என்றது. யாரும் கைதட்டவில்லை. மாசானம் போய் அண்ணாச்சியின் காலைத் தேய்த்துவிட்டார்.

அதற்குப்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஜெபக்கனி ஆட்கொணர்வு மனு போட்டாள். ஆளை நேரில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மாசானத்தை வண்டியில் ஏற்றி உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நீதிபதி வயதான பெண்மணி. கணக்கைப் பார்க்க அவருக்கு ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. விசாரணைக் காலம் கழிக்கப்படவில்லை, தண்டனை எப்போதோ முடிந்துவிட்டது, உடனே விடுவியுங்கள் என்று சொல்லிவிட்டார். மாசானத்துக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கும்பிட்ட கையை இறக்கவும் மறந்து நின்றார்.

நீதிபதிக்கோ ஆவல் அடங்கவில்லை. நீதிமன்றத்தின் கணினி வழியாக நல்லதம்பியை அழைத்தார். இந்தப் பிழை உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். முதல் குறை வந்த அன்றே தெரியும் என்றது அது. பிறகு ஏன் சொல்லவில்லை என்றார். இவர் விடுதலை கேட்டார், அது என் அதிகாரத்தில் இல்லை, கணக்கு பிழையா என்று யாரும் கேட்கவில்லை என்றது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பிழை இவர் ஒருவருக்கு மட்டும்தானா?"

"இல்லை, அம்மா. அந்தக் கிளைச்சிறையிலிருந்து ஆலங்கரைக்கு வந்த எவருடைய விசாரணைக் காலமும் கணக்கில் சேரவில்லை. ஏழாம் தொகுதியில் மட்டும் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். அனைவருக்கும் தண்டனை முடிந்துவிட்டது. மூத்தவர் பெயர் கொம்பையா. அவருக்கு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன."

மாசானத்தின் கும்பிட்ட கை அப்போதுதான் கீழே இறங்கியது. நீதிபதி பேனாவை எடுத்தார். அதற்குள் அரசு வழக்கறிஞர் எழுந்து, மிகவும் மரியாதையாக, ஒரு விசயத்தை நினைவுபடுத்தினார். அந்தப் பதினொரு பேரும் இதுவரை ஒரு குறைகூடச் சொல்லவில்லை. உள்ளே மூன்று படியையும் முடிக்காதவர்கள் விசயத்தை நீதிமன்றம் தானாகக் கையில் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். ஜெபக்கனி அரைமணி நேரம் மன்றாடிப் பார்த்தாள். நீதிபதி சட்டப் பிரிவைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா வெட்கமா என்று மாசானத்துக்குத் தெரியவில்லை. கடைசியில் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

விடுதலை உத்தரவோடு அவரை ஆலங்கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். துணிமணியை எடுத்துக்கொண்டு போகக் கொஞ்ச நேரம் அவகாசம். ஏழாம் தொகுதி முழுக்கக் கூடி நின்று சிரித்தது. பீர் முகமது மறுபடியும் தட்டை எடுத்தான். மாசானம் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கோர்ட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பதினொரு பேர் பெயரையும் சொன்னார். பீர் முகமதுவின் பெயரும் அதில் இருந்தது. அவன் தட்டைப் பிடித்தபடியே நின்றான்.

கொம்பையா அண்ணாச்சி வலது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு எப்பம் முடிஞ்சுதுன்னு சொன்ன?" என்று ஒருதரம் கேட்டார்.

"நாலு வருசத்துக்கு முன்னால, அண்ணாச்சி."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தார். தன் முழங்காலையே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ அக்காளுக்கு நான்தான் கொள்ளி வச்சிருப்பேன்" என்றார்.

மாசானத்துக்குக் குழாயிலிருந்து வந்த சுடுதண்ணீரும் தலைக்குமேல் சுற்றிய விசிறியும் அந்த நேரத்தில் அருவருப்பாக இருந்தன. கொஞ்சம் பொறுத்து அண்ணாச்சி கையை நீட்டினார். பீர் முகமது தூக்கிவிட்டான். அவர் பலகைக்கு முன்னால் போய் நின்று, இத்தனை வருடத்தில் முதல்முறையாக வாய் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டார். "என்னை வீட்டுக்கு விடு" என்றார்.

"வணக்கம், ஐயா" என்றது நல்லதம்பி. "என்னால் இயன்றதைச் செய்து பார்க்கிறேன்."

அது எதையும் அறிவிப்பதற்கு முன்னாலேயே தொகுதியில் இருந்தவர்கள் பெருவிரலை மடக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பலகையைவிட்டு விலகிப் போனார்கள். காவலர் நேரமாகிவிட்டது என்று மாசானத்தின் தோளைத் தொட்டார்.

வெளிவாசலில் பேச்சியும் தங்கச்சியும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். இத்தனை பேர் மெத்தையையும் பிள்ளையையும் விட்டுக்கொடுத்து வாங்கித் தந்த நேரம் இது. இதில் அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு யாரோ என்று பார்த்துவிட்டால் என்ன செய்வது? பக்கத்தில் போய் நின்றார். பேச்சி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த துணிப்பையைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டாள்.

"காலையில வேலைக்குப் போன மனுசன், இம்புட்டு நேரமா வாறதுக்கு? சோறு ஆறிப்போயிருக்கும்."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சிக்கு மறந்துபோனது ஜெயில்தான். கண்ணாடியும், மாதா மாதம் வந்து அழுததும், அந்த வருடங்கள் மொத்தமும் அவளிடம் இல்லை. அவளுக்கு அவர் காலையில் போய்ச் சாயங்காலம் வந்திருக்கிறார்.

"கொஞ்சம் நேரமாயிட்டு" என்றார் மாசானம்.

"நாளைக்கும் போகணுமா?"

மாசானம் திரும்பிப் பார்த்தார். வாசல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். "ஆமா, போகணும்" என்றார். "உள்ள பதினொரு பேரு இருக்காவ. கொம்பையா அண்ணாச்சியைப் பாக்க ஆள் இல்ல. நீயும் வாறியா?"

"வாறேன்" என்றாள் பேச்சி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.